குறி பார்க்கிறவர்கள்

ஒரு புத்தகத்தைப் படித்தேன், பிடித்திருந்தது என்று நம்மவர்களிடம் சொன்னால் அது செய்தியாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை, வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. என்ன புத்தகம், யார் எழுதியது, யாருக்காக எழுதப்பட்டது, எத்தனை பிரதி விற்றது என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, ஏன் பிடித்தது என்ற ஒன்றை மட்டும் கேட்காமல் எழுந்து போய்விடுகிறார்கள். அதைத்தான் சொல்ல உத்தேசம். கேட்காதவர்களுக்கே சொல்கிறேன்.

புத்தகம் 'க்ரேவ் மெர்ஸி'. ராபின் லாஃபீவர்ஸ் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் எழுதியது, 2012-ல் வந்தது. அதற்கு முன் அவர் குழந்தைகளுக்காக எழுதிக்கொண்டிருந்தவர். இது பதின்வயதினருக்கான அலமாரியில் வைத்து விற்கப்படும் மாயக்கதை. அட்டையில் சிவப்பு கவுன் அணிந்த பெண், கையில் குறுக்குவில். பதினைந்தாம் நூற்றாண்டு ப்ரித்தானியில் மரண தெய்வத்துக்கு ஊழியம் செய்யும் ஒரு கன்னிமடம். அங்கே விஷமும் கத்தியும் பயின்று ஆள் கொல்லப் புறப்படும் பதினேழு வயதுப் பெண். ஐநூறு பக்கங்களுக்கு மேல். இந்த விவரங்களைச் சொன்ன மாத்திரத்திலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் தொடர்கிறேன்.

சிரித்தவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சிரிப்பு நேர்மையானது. எனக்குச் சகிக்காதது மற்றவர்களின் கருணை. என்னைக் காப்பாற்ற வருகிறார்கள். 'நீங்கள் இதை ஒரு சமூகவியல் ஆவணமாகப் படித்திருப்பீர்கள்' என்கிறார் ஒருவர். 'வெகுஜனக் கலாச்சாரத்தில் பெண்ணுடல் பற்றிய சொல்லாடல்' என்று எனக்கு ஒரு தலைப்பையே தானமாகக் கொடுக்கிறார் இன்னொருவர். ஐயா, எனக்கு அந்தத் தானம் வேண்டாம். நான் ஆவணம் படிக்கவில்லை. கதை படித்தேன். அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து படித்தேன். இதைச் சொல்லக் கூசுகிற ஒரு வட்டத்தில், 1973-ல் ரோலான் பார்த் பிரதி தரும் இன்பத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இன்பம் என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பு இருந்தால் அது அனுமதிக்கப்பட்ட பொருள். அடிக்குறிப்பு இல்லாத இன்பம் என்றால் அசிங்கம்.

இதெல்லாம் ஏதோ தமிழ்நாட்டுச் சிறுபத்திரிகைக்காரனுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நான் சொல்லவரவில்லை. எட்மண்ட் வில்சன் 1945-ல் துப்பறியும் கதைகளைப் பற்றி எழுதியதைப் படித்தால், கெட்டுப்போன சாப்பாட்டைத் தட்டில் வைத்ததுபோல முகம் சுளிப்பது தெரியும். 1956-ல் டோல்கீனுக்கும் அதே உபசாரம். வில்சன் பெரிய விமர்சகர். அவர் சுளித்த முகத்தை இங்கே பலர் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவருடைய படிப்பை வாங்காமலே. 1948-ல் டபிள்யூ.எச். ஆடன், தனக்குத் துப்பறியும் கதை புகையிலைபோல, மதுபோல ஒரு பழக்கம் என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பழக்கம் தன்னை என்ன செய்கிறது என்று துருவிப் பார்த்தார். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, துரைத்தனமும் பண்ணவில்லை. கலைப்படைப்பு என்று அதற்குப் பட்டம் கொடுக்கவும் மறுத்துவிட்டார். இந்த மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதே நம்மவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஒன்று கும்பிட வேண்டும், இல்லையென்றால் காறித் துப்ப வேண்டும்.

கதைக்கு வருகிறேன்.

இஸ்மே ஒரு குடியானவன் வீட்டில் வளர்கிறாள். முதுகில் ஒரு செந்தழும்பு. அவள் பிறந்துவிடக்கூடாது என்று அவள் தாய் மருத்துவச்சியிடம் வாங்கிய விஷம் அவளைக் கொல்லத் தவறி இந்த வடுவை மட்டும் விட்டிருக்கிறது. விஷத்தில் பிழைத்த குழந்தை மரணத்தின் மகள் என்பது ஊர் நம்பிக்கை. அப்பன் என்று இருக்கிறவன் அவளை அடித்து வளர்த்து, ஒரு பன்றி வளர்ப்பவனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறான். முதலிரவில் தழும்பைப் பார்த்த அவன் அவளை அடித்து நிலவறையில் பூட்டிவிட்டுப் பாதிரியைக் கூப்பிடப் போகிறான். அந்தப் பாதிரியும் அதே மருத்துவச்சியும் சேர்ந்து அவளை ரகசியமாக ஒரு தீவிலுள்ள மடத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே மோர்ட்டெய்ன் என்ற புனிதர் வழிபடப்படுகிறார். புனிதர் என்பது வாடிகனுக்குக் கணக்குக் காட்டுவதற்காக. உண்மையில் அவர் பழைய மரண தெய்வம். ப்ரித்தானியில் ரோமாபுரி ஏட்டில் ஏறாத உள்ளூர்ப் புனிதர்கள் ஏராளம். சாவின் ஊழியனான அன்கூ கிரீச்சிடும் வண்டியோடு இரவில் வருவான் என்ற நம்பிக்கையும் அந்த மண்ணுடையது. மோர்ட்டெய்னும் அவரோடு சேர்ந்த பழைய கடவுள்களும் ஆசிரியரின் கற்பனை என்றாலும், அந்தக் கற்பனை ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஊர்த் தெய்வத்துக்குப் பெரிய கோயில்காரன் பெயர் மாற்றி வைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளக்காமலே விளங்கும்.

மடத்தில் விஷக் கன்னியாஸ்திரீ ஒருத்தி உண்டு, செராஃபினா என்று பெயர். எந்த இலை எந்த நேரத்தில் கொல்லும், எந்த விஷத்தை மெழுகுவர்த்தியில் ஏற்றலாம், எதை ஆடையில் தடவலாம் என்பதெல்லாம் பாடம். இஸ்மேயை விஷம் தீண்டாது. மோர்ட்டெய்ன் கொடுத்த வரம் அது. விஷத்தோடு அவளுக்குள்ள சுமுகம் ஒரு சமையற்காரிக்குத் தன் அஞ்சறைப்பெட்டியோடு இருக்கும் சுமுகம்போல எழுதப்பட்டிருக்கிறது. எனக்குப் பிடித்ததில் பாதி இது. ஒரு தொழிலை அதன் உள்ளிருந்து, கை அறிந்த விவரங்களோடு சொல்லும்போது வாசகனுக்குக் கிடைக்கும் திருப்தி மட்டமானது என்று எந்த அழகியல் சொல்கிறது? நெசவைப் பற்றி எழுதினால் யதார்த்தம், கொலைத்தொழிலைப் பற்றி எழுதினால் மலிவு என்பது பொருளை வைத்துக் கலையை எடைபோடும் பழைய பள்ளிக்கூடத்து வாத்தியார் புத்தி. நாம் அதை விட்டு வெளியேறினோம் என்று சொல்லிக்கொண்டுதானே பத்திரிகை நடத்துகிறோம்?

நம் ஞாபகத்தில் விஷகன்னி என்றொருத்தி இருக்கிறாள். விசாகதத்தரின் 'முத்ராராட்சச'த்தில் சந்திரகுப்தனைக் கொல்ல ராட்சசன் அனுப்பியவள். சாணக்கியன் அவளைத் திருப்பிவிட்டுப் பர்வதகனைச் சாகடிக்கிறான். அவள் நாடகத்துக்குள் வருவதே இல்லை. மேடையேறும் முன்பே அவள் வேலை முடிந்துவிட்டது. இரண்டு மந்திரிகளின் சதுரங்கத்தில் நகர்த்தப்பட்ட காய். அவளுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. யார் அவளுக்கு விஷமூட்டினார்கள், அவள் என்ன நினைத்தாள், பர்வதகனுக்குப் பின் அவள் எங்கே போனாள் என்று நாடகாசிரியனுக்குக் கவலை இல்லை. சாணக்கியனின் சாமர்த்தியத்தை வியக்கச் சொல்கிறான், நாமும் வியந்துகொண்டிருக்கிறோம். நான் அந்த நாடகத்தைக் குறை சொல்லவில்லை, அது வேறு விளையாட்டு. ஆனால் அந்த விஷகன்னி வாயைத் திறந்து, தன்மையில், 'நான்' என்று கதை சொன்னால் எப்படி இருக்கும் என்பதை எனக்குக் காட்டிய புத்தகம் இளைஞர் அலமாரியில் இருந்தது. இலக்கிய அலமாரியில் நான் தேடியவரையில் கிடைக்கவில்லை.

இனி இந்த நாவலின் நடுநரம்பு. மடத்துப் பெண்களின் கண்ணில் 'மோர்ட்டெய்னின் கண்ணீர்' என்ற சொட்டு விடப்படுகிறது. அதற்குப் பிறகு, சாகவேண்டியவன் உடம்பில் ஒரு கரிய குறி அவர்களுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. குறி தெரிந்தால் கொல்லலாம், கொல்ல வேண்டும், அது தெய்வத்தின் உத்தரவு. இஸ்மே சந்தேகப்படவே இல்லை. அடிபட்டு வளர்ந்த பெண்ணுக்கு முதன்முதலாக ஒரு வீடு, ஒரு தாய், ஒரு திறமை, ஒரு கடவுள் எல்லாம் கிடைத்திருக்கிறது. சந்தேகப்பட அவளுக்கு என்ன அவசியம்? முதல் கொலையில் அவளுக்கு இருப்பது துடிப்பு, பெருமிதம், தலைவியிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை. நமக்கும் அதேதான். பன்றிக்காரனிடம் அறை வாங்கியவள் கையில் இப்போது கத்தி இருக்கிறது என்பதில் ஒரு குரூர சந்தோஷம் நமக்கும் வருகிறது, மறுப்பானேன். பிறகுதான் டூவால் என்ற பிரபு அவளிடம் சொல்கிறான்: நீ கொன்றவன் தன் பழைய துரோகத்துக்குப் பரிகாரமாக எங்கள் தரப்புக்கே வேலை செய்துகொண்டிருந்தான் என்று. குறி இருந்ததே என்கிறாள் அவள். குறி இருந்தது வாஸ்தவம். குறிக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தது யார்?

இந்தக் கேள்வியை நாவல் அவசரப்படாமல் நகர்த்திக்கொண்டு போகிறது. மடம் டூவாலையே கொல்லச் சொல்கிறது. அவள் கீழ்ப்படியவில்லை. கடைசியில் நாந்த் நகருக்கு வெளியே ஒரு போர்க்களம். அங்கே அவள் பார்ப்பது ஒன்றிரண்டு குறிகள் இல்லை. விழப்போகிற அத்தனை பேர் மேலும் குறி. விவசாயி, கூலிப்படைக்காரன், நம்மவன், அவர்களவன் என்று எந்தப் பேதமும் இல்லை. சாகப்போகிறவனுக்கெல்லாம் குறி இருக்கும். அவ்வளவுதான் அதன் அர்த்தம். அது கட்டளையே இல்லை. மடம்தான் அதைக் கட்டளையாகப் படித்தது, படிக்கக் கற்றுக்கொடுத்தது. தெய்வத்தின் கையெழுத்து என்று காட்டப்பட்டது மடாதிபதியின் கையெழுத்து.

இதை நான் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நம் விமர்சகர்கள் ஞாபகம் வந்தார்கள் என்றால் அது நாவலின் குற்றமில்லை. நமக்கும் ஒரு சொட்டு மருந்து இருக்கிறது. கல்லூரி நாட்களில் எலியட்டிலிருந்து, பிறகு அவரவர் காலத்துக்கு ஏற்றபடி லீவிஸிடமிருந்தோ லூக்காச்சிடமிருந்தோ பாரிஸிலிருந்தோ இறக்குமதியாகிக் கண்ணில் விடப்பட்டது. விட்டபிறகு புத்தகங்களின் நெற்றியில் குறி தெரிகிறது. 'சந்தை', 'ஜனரஞ்சகம்', 'தப்பித்தல்', 'தொடர்கதைத்தனம்'. குறி தெரிந்த புத்தகத்தைப் படிக்கவேண்டிய அவசியம் இல்லை, குத்தினால் போதும். குறி பொய் என்று நான் சொல்லவில்லை. 'க்ரேவ் மெர்ஸி' சந்தைக்காக எழுதப்பட்டதுதான். அந்தக் குறி அதன் மேல் இருக்கிறது, நானே பார்த்தேன். அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதில்தான் மடத்துக்கும் எனக்கும் தகராறு.

சி.எஸ். லூயிஸ் 1961-ல் ஒரு சோதனை செய்து பார்த்தார். புத்தகத்தை வைத்து வாசகனை எடைபோடுவதை விட்டுவிட்டு, எந்த விதமான வாசிப்பை ஒரு புத்தகம் அனுமதிக்கிறது என்பதை வைத்துப் புத்தகத்தை எடைபோட்டால் என்ன என்று. அவருடைய கிறிஸ்தவ மதம் எனக்கு ஒத்துவராது. இந்தச் சோதனை ஒத்துவருகிறது. ஒருவன் திரும்பப் படிக்கிறானா? படித்ததை வைத்துக்கொண்டு எதையாவது யோசிக்கிறானா? முடிவு தெரிந்த பிறகும் வழி அவனுக்குப் பிடித்திருக்கிறதா? நான் இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை சூழ்ச்சி தெரிந்துவிட்டதால், மடத்துத் தலைவி பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்திப் பார்த்தேன். அன்பாகப் பேசுகிறவள் எப்படி ஆணையிடுகிறாள் என்பது அதில் இருக்கிறது. நம் இலக்கிய ஆசான்களையும் அப்படி நிறுத்திக் கேட்டிருக்கலாம்.

'அப்படியானால் கல்கியையும் சாண்டில்யனையும் ஏற்றுக்கொள்கிறீரா?' இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இது இல்லாமல் நமக்கு எந்த விவாதமும் முடிவதில்லை. ஏற்றுக்கொள்வது, மறுப்பது என்ற பாஷையே எனக்குப் புரியவில்லை. சாதிச் சங்கமா நடத்துகிறோம்? 1950-லிருந்து 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னில் நந்தினி என்றொருத்தி இருக்கிறாள். ஆதித்த கரிகாலன் மேல் அவளுக்குள்ள வன்மம், கடம்பூர் மாளிகையில் அந்த ராத்திரி, இவற்றில் கல்கி ஒரு பெரிய நாவலின் வாசல்வரை போயிருக்கிறார். போய்விட்டு, கரிகாலன் யார் கையால் செத்தான் என்பதை மூடுமந்திரமாக்கித் திரும்பிவிட்டார். அந்தக் கொலையின் பாரத்தைச் சுமக்க நந்தினியை அவர் விடவில்லை. கண்ணியமான வாரப்பத்திரிகை. எனக்கு அவர் மேலுள்ள குறை அவர் சுவாரஸ்யமாக எழுதினார் என்பது இல்லை. சுவாரஸ்யம் எங்கே கூட்டிக்கொண்டு போயிற்றோ அங்கே அவர் போகவில்லை என்பது. லாஃபீவர்ஸ் போகிறார், அவருடைய வாகனம் கல்கியுடையதைவிட மட்டமானதாக இருந்தும்.

இன்னொன்று. மாயத்தையும் சாகசத்தையும் கண்டால் கைகழுவிக்கொள்கிறவர்கள் க.நா.சு. பெயரைச் சொல்லிக் கைகழுவுகிறார்கள். க.நா.சு. தமிழில் கொண்டுவந்த நாவல்களில் ஒன்று ஸெல்மா லாகர்லெவின் 'மதகுரு'. 1891-ல் ஸ்வீடிஷ் மொழியில் வந்தது. பதவி பறிக்கப்பட்ட குடிகாரப் பாதிரி. கிறிஸ்துமஸ் இரவில் சாத்தான் வேஷத்தில் வந்தவனோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் வீரர் கூட்டம். பனிச்சறுக்கு வண்டியைத் துரத்தும் ஓநாய்கள். அதை உலகத்துச் சிறந்த நாவல்களில் ஒன்று என்று சொல்ல க.நா.சு. கூசவில்லை, சொல்லிவிட்டு ஒரு தத்துவமும் சொல்லவில்லை. அவர் போட்ட பட்டியல்களை மனப்பாடம் செய்தவர்கள் அவர் படித்த விதத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. லாகர்லெவும் லாஃபீவர்ஸும் ஒரே உயரம் என்று நான் சொன்னதாக அடுத்த இதழில் யாரும் எழுத வேண்டாம். சொல்லவில்லை.

ஏனென்றால் இந்த நாவலின் கோளாறுகள் எனக்குத் தெரியும், இதைப் படிக்காமல் திட்டுகிறவர்களைவிட நன்றாகவே தெரியும். தன்மையிலும் நிகழ்காலத்திலும் ஐநூறு பக்கங்கள் சொல்லும்போது மொழி பல இடங்களில் வற்றிப்போகிறது. பார்க்கிறேன், நடக்கிறேன், திரும்புகிறேன் என்று ஒரே தாளம். டூவாலோடு வரும் காதல் பாதிக்குமேல் கதையைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. துரோகி யார் என்பது கதாநாயகிக்குத் தெரிவதற்கு நூறு பக்கம் முன்பே நமக்குத் தெரிந்துவிடும். விஷமேறிச் சாகக் கிடக்கும் காதலனின் உடம்பிலிருந்து விஷத்தைத் தன் உடம்பு பட்டே இறக்கிவிடுகிறாள் என்ற இடத்தில், ஆசிரியைக்குக் காதல் காட்சியும் வேண்டியிருந்தது, வைத்தியமும் வேண்டியிருந்தது, இரண்டையும் ஒரே கட்டிலில் முடித்துக்கொண்டார். தால்பிரே பிரபு சுத்த ராட்சசன். ராட்சசர்களுக்கு மனசு கிடையாது என்பதால் அவனைப் பற்றி யோசிக்கவும் ஒன்றும் இல்லை.

ஆனால் தால்பிரே சரித்திரத்தில் இருந்தவன். இங்கே நாவலுக்கு ஒரு கனம் வந்து சேர்கிறது, அது ஆசிரியரின் வாக்கியங்களால் வந்ததில்லை. 1488 ஜூலை 28-ல் செய்ன்-ஓபான்-து-கோர்மியே என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை ப்ரித்தானியைத் தோற்கடித்தது. ஆகஸ்டில் உடன்படிக்கை: பிரெஞ்சு மன்னன் சம்மதமில்லாமல் கோமகனின் பெண்களுக்குக் கல்யாணம் கூடாது. செப்டம்பரில் கோமகன் இரண்டாம் பிரான்ஸ்வா செத்துப்போனான். வாரிசு ஆன், 1477-ல் பிறந்தவள், பதினோரு வயது. படைவேண்டி அப்பன் இந்தக் குழந்தையின் கையை ஒன்றுக்கு மேற்பட்ட பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதில் ஒருவன் தால்பிரே, அவளைவிட முப்பது வயதுக்குமேல் மூத்தவன். நாந்த் நகரம் அவன் பிடியிலும் அவன் கூட்டாளிகள் பிடியிலும் இருந்தது. தன் தலைநகருக்குள் நுழைய முடியாமல் அந்தப் பெண் ரென்னுக்குப் போய் 1489-ல் முடிசூட்டிக்கொண்டாள். இதெல்லாம் கட்டுக்கதை இல்லை. கட்டுக்கதையாக இருந்தால் நம்மவர்கள் மிகை என்று சொல்லியிருப்பார்கள்.

ஆகவே இந்த நாவலில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி பன்றிக்காரனுக்கு விற்கப்பட்டவள். இன்னொருத்தி ராஜாக்களுக்கு விற்கப்படுகிறவள். இரண்டாமவளைக் காக்க முதலாமவள் கொல்கிறாள். சரித்திரம் தெரிந்த வாசகனுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொன்றும் தெரியும்: இது எதுவும் நிற்கப்போவதில்லை. 1491-ல் ரென் முற்றுகையிடப்படும். டிசம்பர் 6-ந் தேதி லான்ஷே கோட்டையில் எட்டாம் சார்லஸுக்கே ஆன் மனைவியாவாள். அவன் ஆண்வாரிசில்லாமல் செத்தால் அடுத்த ராஜாவைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஷரத்து எழுதப்படும். அதன்படியே 1499-ல் பன்னிரண்டாம் லூயியைக் கட்டிக்கொள்வாள். 1532-ல் ப்ரித்தானி பிரான்ஸோடு கரைந்துவிடும். இஸ்மே செய்த கொலைகள் ஒரு நாட்டுக்கு மூன்று வருஷ அவகாசம் வாங்கிக்கொடுத்தன, அதிகபட்சம். ஆசிரியர் இதை மறைக்கவும் இல்லை. 2014-ல் வந்த மூன்றாவது புத்தகம் 'மார்ட்டல் ஹார்ட்' அந்த முற்றுகையிலும் கல்யாணத்திலும்தான் வந்து நிற்கிறது. வெற்றிபெறும் கதாநாயகிகளைக் கொண்டு குழந்தைகளைத் தாலாட்டுகிறார்கள் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? ஒன்றும் சொல்ல மாட்டார்கள். படித்திருந்தால்தானே.

தப்பித்தல் என்ற வார்த்தையைப் பற்றி டோல்கீன் 1939-ல் ஒரு பிரசங்கத்தில் போதுமான அளவு சொல்லிவிட்டார்: சிறைக்குள் இருப்பவன் வெளியே போக நினைப்பதையும் படையிலிருந்து ஓடிப்போகிறவனையும் ஒன்றாக்காதீர்கள் என்று. நான் அதில் சேர்க்க ஒன்றும் இல்லை. அந்தப் பன்றிக்காரன் நிலவறையில் பூட்டப்பட்டவளிடம் போய், 'யதார்த்தத்தை எதிர்கொள்' என்று சொல்லும் விமர்சகனை மட்டும் என்னால் கற்பனை செய்ய முடிகிறது. சாவி அவனிடம் இருக்கும்.

மிச்சமிருப்பது ஒரே ஆட்சேபம். அதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது இலக்கியத் தரத்திலிருந்து வரவில்லை. கொலையை நீ ரசித்தாயே என்பது. பதினேழு வயதுப் பெண் ஒருவன் கழுத்தில் கத்தி இறக்குவதை, கதகதப்பாகப் படுக்கையில் சாய்ந்துகொண்டு நீ ரசித்தாயே. ஆம். இந்த வகையில் இப்போது வரிசையாகப் புத்தகங்கள் வருகின்றன. 2008-ல் 'க்ரேஸ்லிங்', 2012-லேயே 'த்ரோன் ஆஃப் க்ளாஸ்', 2016-ல் 'நெவர்நைட்', 2017-ல் 'ரெட் ஸிஸ்டர்'. கன்னிமடமும் கத்தியும் ஒரு வாய்ப்பாடாகிவிட்டன. வாய்ப்பாடு என்றால் தேவை இருக்கிறது என்று அர்த்தம். யாருடைய தேவை? அடி வாங்குகிற இடத்தில் இருக்கிற, திருப்பி அடிக்க வழியில்லாத பெண்பிள்ளைகளுடையது. அந்தத் தேவைக்குத் தீனி போடுவது சுலபம். அதைத் தீனி போட்டு வளர்த்து, பிறகு அதனிடமே திரும்பி, நீ கொன்றவனுக்கும் ஒரு பரிகாரம் நடந்துகொண்டிருந்ததே என்று சொல்வது சுலபமில்லை. 'க்ரேவ் மெர்ஸி' அதைச் செய்கிறது. என் ரசனையை அவமானப்படுத்தாமலே செய்கிறது. வாசகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நூறு பக்கம் பிரசங்கம் பண்ணும் உயர்தர நாவல்கள் சில எனக்குத் தெரியும். அவற்றில் எனக்கு ஒரு குற்றவுணர்ச்சியும் ஏற்பட்டதில்லை, கொட்டாவிதான்.

நம்மிடமும் ஒரு கதை இருந்தது. குண்டலகேசி. தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிவந்த கணவனை, கடைசியாக வலம் வந்து கும்பிடுகிறேன் என்று சொல்லிப் பின்னாலிருந்து தள்ளிக் கொன்றவள். கொன்றபிறகு துறவியானாள், வாதம் செய்தாள், பௌத்தம் புகுந்தாள். இஸ்மேக்கு நேர் தலைகீழ். இவள் துறவியானபிறகு கொல்கிறாள். அந்தக் காப்பியத்தில் சில பாட்டுக்கள்தான் நமக்கு மிஞ்சின. கதையை 'நீலகேசி' உரை வழியாகத் தெரிந்துகொள்கிறோம், அதாவது அவளை எதிர்த்து வாதிட்ட சமயத்தாரின் கைவழியாக. மலையுச்சியில் அந்த ஒரு கணத்தில் அவளுக்கு என்ன தோன்றியது என்று சொன்ன பாட்டு இருந்ததா, தெரிய வழியில்லை. எனக்கு அந்தப் பாட்டு வேண்டும். தத்துவ வாதத்தைவிட அது வேண்டும். இப்படிச் சொல்வதால் என் தரம் குறைந்துவிடும் என்றால் குறைந்துவிட்டுப் போகட்டும்.

அந்த நாந்த் போர்க்களத்துக்கு ஒருமுறை திரும்பிப் போகிறேன், ஏனென்றால் ஆட்சேபத்துக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. சண்டை ஓய்ந்தபிறகு இஸ்மே விழுந்துகிடப்பவர்களிடையே நடக்கிறாள். அவளிடம் ஒரு மெல்லிய கத்தி. மிஸரிகார்ட் என்று பெயர், கருணை என்று பொருள். அந்தக் காலத்துப் போர்களில் பிழைக்க வழியில்லாமல் துடிக்கிறவனை முடித்துவைக்க வைத்திருந்தது. குடல் சரிந்து கிடக்கிறவர்களை ஒவ்வொருவராக விடுவித்துக்கொண்டு போகிறாள். எதிரிகளையும்தான். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட அதே கை, அதே இடம், அதே அழுத்தம். தொழிலில் ஒரு மாற்றமும் இல்லை. யாருக்கு, எதற்கு என்பது மாறிவிட்டது. மரண தெய்வத்தையே அவள் அந்தக் களத்தில்தான் நேரில் பார்க்கிறாள், அவன் தண்டிக்கிறவனாக இல்லை. கொலையை ரசித்துக்கொண்டு வந்த நான் இந்தப் பக்கங்களையும் ரசித்தேன். இதற்கு வேறு வினைச்சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. 2013-ல் வந்த இரண்டாவது புத்தகம் 'டார்க் ட்ரையம்ஃப்' இதைவிட இருண்டது. சிபெல்லா என்ற பெண்ணை, அவள் எந்த வீட்டிலிருந்து தப்பித்து மடத்துக்கு வந்தாளோ அதே தகப்பன் வீட்டுக்கே, அந்தத் தால்பிரே வீட்டுக்கே, மடம் உளவு பார்க்கத் திருப்பி அனுப்புகிறது. அதைப் பற்றி எழுத இந்த இதழில் இடமில்லை.